எலுமிச்சம்பழத்தின் மேல் பத்து அங்குலம்

இறங்குவதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்யும். ஏறி வந்தவன் நான்தானே, யாரும் தூக்கி வைக்கவில்லையே. வலது காலைப் பச்சைப் பிடியிலிருந்து எடுத்து அதற்குக் கீழே இருக்கிற மஞ்சள் பிடியில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் எங்கே. ஏறும்போது மூக்குக்கு நேராக இருந்த மஞ்சள் இப்போது என் தொப்பைக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. குனிந்து பார்க்கலாம் என்றால் உடம்பைப் பலகையிலிருந்து நகர்த்த வேண்டும், நகர்த்தினால் முழங்கை நழுவும், முழங்கை நழுவினால் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. ஆகவே நான், ஈஸ்வரமூர்த்தி, வயது நாற்பத்தொன்பது, மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தரப் பரிசோதகன், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வெயிலில், கோயம்புத்தூர் கணபதியில் என் சொந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள், மகள் ஏறிப் பழகுவதற்காக நானே நிறுத்திய பத்தடிப் பலகையின் உச்சியில் இரண்டு முழங்கைகளையும் மாட்டிக்கொண்டு, தலையில் வண்டி ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். நிற்கிறேன் என்று சொல்லலாமா தெரியவில்லை. தொங்குகிறேன் என்பதும் முழு உண்மை இல்லை. பிளைவுட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி. கல்யாணமான புதிதில்கூட யாரையும் இவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

சோதனை அஞ்சு மணிக்குத்தான். கோகிலவாணி ராகி அரைக்க மாவு மில்லுக்குப் போயிருக்கிறாள். சம்யுக்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ், நாலரைக்கு சைக்கிளில் வந்துவிடுவாள். நடுவில் கிடைத்த இந்த அரை மணி நேரத்தில், பெண்டாட்டியும் பிள்ளையும் பார்க்காதபோது, ஒரே ஒரு தடவை ஏறி விழுந்து பழகிக்கொண்டால் அஞ்சு மணிக்கு ரொம்ப நாளாக விழுகிறவன் மாதிரி கம்பீரமாக விழலாம் என்று திட்டம். கம்பெனியில் எவனாவது இப்படி ஒரு பம்ப்பைச் சோதனைக்கு முன்னால் திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்த்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன். சோதனை என்றால் ஒரே தடவை, எல்லோர் முன்னிலையிலும், முடிவில் யாரும் கை வைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மேனேஜரே வந்து தோளில் கைபோட்டுக் கேட்டபோதும் கொடுக்கவில்லை, அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. அப்பேர்ப்பட்டவன் ஒத்திகைக்கு ஏறினேன், இப்போது மாட்டிக்கொண்டேன். வேண்டும் எனக்கு.

கீழே மெத்தை இருக்கிறது. மெத்தை என்று சொன்னால் சம்யுக்தாவுக்குக் கோபம் வரும், அது கிராஷ் பேட். இந்த விளையாட்டில் கயிறு கிடையாது, ஏற வேண்டும், பிடி தவறினால் கீழே அந்தப் பேட்டின் மேல் விழ வேண்டும், எழுந்து மறுபடியும் ஏற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஏறுவதைவிட விழுவதுதான் அதிகம் என்பதால் பலகையைவிடப் பேட்தான் முக்கியம் என்று அவளுடைய பயிற்சியாளர் முதல் நாளே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டு பலகையைத்தான் மூன்று மாசம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆங்கிள் இரும்பு, பதினெட்டு மில்லி பிளைவுட், ஒவ்வொரு பிடிக்கும் ஆலன் போல்ட், ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முறுக்கிச் சரிபார்த்து. பலகையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் அதை விட மனசு வரவில்லை போலிருக்கிறது. இடது கெண்டைக்கால் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது, நான் அடிக்கச் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னாலும் கேட்கவில்லை. கணக்காகப் பார்த்தால் இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. என் பாதம் இருப்பது தரையிலிருந்து ஐந்தடிக்கும் குறைவான உயரத்தில். அதில் பேட் பத்து அங்குலம். மிச்சம் நாலடி, என் நெஞ்சளவு. ஆனால் கண் இருப்பது பத்தடிக்கு மேலே. விழப்போவது பாதம், பயப்படுவது கண். இரண்டுக்கும் நடுவில் எழுபத்தெட்டு கிலோ.

அந்தப் பேட்டை நானேதான் செய்தேன். ரெடிமேடாக வருகிறது, பெங்களூரில் கிடைக்கும் என்று பயிற்சியாளர் சொன்னார், எனக்குத்தான் அடுத்தவன் பரிசோதித்த பொருளில் நம்பிக்கை வராது. ஒப்பணக்கார வீதிப் பக்கத்துச் சந்தில் ஒரு ஃபோம் கடை, கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒருத்தர். "யாருக்குங்க மெத்தை, பெரியவங்களுக்குங்களா, முதுகு வலிங்களா?" என்றார். விழறதுக்குங்க என்றேன். "தூங்கறதுக்கு?" தூங்கறதுக்கு இல்லீங்க, விழறதுக்கு. அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழுமாகப் பார்த்து, "எதுக்குங்க விழோணும்?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னேன், இப்போது ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. எதுக்கு விழோணும். கெட்டி ஃபோம் மேலே, மெத்தென்ற ஃபோம் கீழே வைத்து ஒட்டிக் கொடுங்கள் என்றதும் மனுஷன் பதறிவிட்டார். "தலைகீழாச் சொல்றீங்க. படுக்கறவங்க எந்திரிச்சு வந்து என்னையத்தானுங்க திட்டுவாங்க." படுப்பதற்கு அவர் சொல்வது சரி, விழுவதற்கு நான் சொல்வது சரி. மெத்தென்றது மேலே இருந்தால் பாதம் நேராக அதைக் குத்திக்கொண்டு போய்த் தரையைத் தொட்டுவிடும். கெட்டி மேலே இருந்தால் அடி அகலமாகப் பரவி, அப்புறம் கீழே இருக்கிற மெத்தென்றது அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். உறை தைத்தவர் கார் சீட்டுக்குத் தைக்கிறவர். எந்த வண்டிக்குங்க என்று மூன்று தடவை கேட்டார். எந்த வண்டிக்கும் இல்லை என்று மூன்று தடவை சொல்லியும் பழக்க தோஷத்தில் ஒரு ஓரத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கப் பை ஒன்று தைத்துவிட்டார். நீல ரெக்ஸின், எட்டுக்கு ஆறடி. மேலிருந்து பார்க்க இப்போது அழகாகத்தான் இருக்கும், பார்க்கத்தான் முடியவில்லை.

முதலில் அரிசி மூட்டையைத்தான் போட்டுப் பார்த்தேன். பலகை உச்சியிலிருந்து இருபத்தைந்து கிலோ, பன்னிரண்டு தடவை, பேட் ஒரு சத்தம் காட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கோகிலவாணியிடம் காட்டினேன். அவள் அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரிசி மூட்டைக்குக் கை ஒடியாதுங்க" என்றாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "மொதல்ல நீங்க விழுங்க. விழுந்து, எந்திரிச்சு, நடந்து வந்து, எங்கிட்டக் காபி கேளுங்க. அப்பறம் அவ ஏறட்டும். இல்லீன்னா பலகையப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ சோதனை முறைகளைப் படித்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்ததில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை. முன்னால் ஒரு தடவை நான் சொன்னதை நம்பியவள் அவள். நம்பியவர்கள் இரண்டு பேர்.

அதை இப்போது நினைக்க வேண்டாம். மூக்கு அரிக்கிறது. ஒரு கட்டெறும்பு பலகையின் ஓரத்தில் என் வலது கையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, நின்று யோசிக்கிறது, மறுபடி வருகிறது. அதுவும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது, ஹெல்மெட் இல்லை, பேட் பற்றிய கவலை இல்லை, விழுந்தாலும் எழுந்து போய்விடும். எறும்புக்கு எடை இல்லை. எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த இலவம்பஞ்சு மெத்தையிலும் எடைதான். சரி, நினைத்தாகிவிட்டது. கோகிலவாணியின் அப்பா கல்யாணச் சீரில் கொடுத்த மெத்தை, பதினெட்டு வருஷம் அதில்தான் படுத்தோம், அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். பலகை தயாரானதும் பயிற்சியாளர் சொன்ன பேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இத்தனை தடிமனாக வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று அவளைக் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டுவந்து கீழே போட்டேன். தரப் பரிசோதகன், வீட்டு மெத்தையை மட்டும் பரிசோதிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் பஞ்சு இரண்டு இடத்தில் குழியாகி, நடுவில் மேடாகி, இடது குழி பரவாயில்லை, வலது குழியில் பஞ்சே இல்லை, இரண்டு துணிதான். அம்மிணி, சம்யுக்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம், உச்சிக்குப் போய்விட்டு, எறங்கப் பயமா இருக்குதுங்ப்பா என்றாள். நான் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "விழு கண்ணு, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கறேன்" என்றேன். விழுந்தாள். சரியாக வலது குழியில். நான் பதினெட்டு வருஷம் படுத்து அமுக்கி வைத்த இடத்தில் வந்து என் மகளின் இடது மணிக்கட்டு உடைந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன், நிலக்கடலை உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கோகிலவாணி கைக்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மெத்தையைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சம்யுக்தா பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடாது என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டுபோய், தரையிலிருந்து எட்டுகிற பிடிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு வந்தாள். எட்டாத பிடிகளில் இன்னும் தூசி இருக்கிறது, என் தாடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மூச்சு விட்டால் பறக்கிறது. மற்ற இடத்திலெல்லாம் வாய் திறக்காத பெண், இந்தப் பலகையில் ஏறும்போது மட்டும் தனக்குள் என்னவோ முனகிக்கொண்டே ஏறுவாள். அந்த முனகல் ஆறு மாசமாக வீட்டில் இல்லை. எனக்கு அது வேண்டும். எதுக்குங்க விழோணும் என்று ஃபோம் கடைக்காரர் கேட்டாரே, அதற்குத்தான் அய்யா.

"என்னுங் மூர்த்தி, எங்க கெளம்பீட்டீங்க?" எதிர்வீட்டு சுந்தர்ராஜண்ணன். வாக்கிங் போய்விட்டு வருகிறார், காம்பவுண்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிறார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே ஒரு பலகை, பலகைக்கு மேலே ஹெல்மெட் போட்ட ஒரு தலை, இரண்டு முழங்கை, அவ்வளவுதான் தெரியும். எங்கீங்க, இங்கதானுங்க என்றேன். "வண்டியக் காணோம்?" வண்டி உள்ளதானுங்க இருக்குது. காப்பாற்றுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஏணி அவர் வீட்டில் இருக்கிறது, நானே இரண்டு தடவை இரவல் வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்தால் போதும். ஆனால் ஏணி வந்தால் சுந்தர்ராஜண்ணன் வருவார், அவர் வந்தால் அவர் வீட்டு அக்கா வருவார்கள், அக்கா வந்தால் நாளைக்குக் காலைக்குள் பால்காரர் வரை தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஏணியில் இறங்கியவன் விழுந்தவன் ஆக மாட்டான், அஞ்சு மணிக்கு மறுபடி ஏற என்னால் முடியாது, பலகை பழைய இரும்புக்குப் போய்விடும். "தண்ணி வந்துருச்சுங்களான்னு டேங்க் பாத்தீங்களாக்கும்" என்று அவரே எனக்கு ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஆமாங்க என்றேன். "வந்துருச்சுங்களா?" இன்னும் இல்லீங்க. "வந்தா ஒரு சத்தம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கட்டாயம் ஒரு சத்தம் கொடுப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

சரி, விழுந்துவிடுவோம். முழங்கையை எடுக்க வேண்டும், கையை நீட்டி விளிம்பைப் பிடிக்க வேண்டும், காலை எடுக்க வேண்டும், விட வேண்டும். நாலே வேலை. ஒன்று என்று எண்ணினேன். எலுமிச்சம்பழம். இத்தனை நேரம் இது எப்படி ஞாபகம் வராமல் போனது. காலையில் கோகிலவாணி பேட்டுக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, நாலு மூலையிலும் பூ வைத்து, புது வண்டிக்குச் சக்கரத்தடியில் வைக்கிற மாதிரி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குங்குமம் தொட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டுப் பேட்டுக்கு அடியில் வைத்தாள். ஓரத்தில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, நட்ட நடுவில். "நசுங்கோணும். நசுங்குனாத்தான் திருஷ்டி கழியும்" என்றாள். அவள் ஒத்துக்கொண்டதே பெரிசு என்ற சந்தோஷத்தில் நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். தரப் பரிசோதகன் மூளை அப்போது எங்கே போயிற்று. எலுமிச்சம்பழம் நசுங்கினால் அதற்கு என்ன அர்த்தம். என் எடை பத்து அங்குல ஃபோமையும் தாண்டித் தரைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதாவது பேட் தோற்றுவிட்டது. இன்றைக்கு எலுமிச்சம்பழம், நாளைக்கு மணிக்கட்டு. நசுங்காமல் முழுசாக இருந்தால், பேட் ஜெயித்தது, ஆனால் திருஷ்டி கழியவில்லை, சாமிக்குச் சம்மதமில்லை, கோகிலவாணி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போவாள், அவள் சொல்லாமல் போனால் அந்த விஷயம் முடிந்தது. நசுங்கினாலும் தோல்வி, நசுங்காவிட்டாலும் தோல்வி. பாதி நசுங்கினால்? பாதி நசுங்க வைக்க எந்த எடையில், எப்படி விழுவது. பழத்தை எடுத்துவிட்டு விழலாம், எடுக்க வேண்டுமானால் முதலில் இறங்க வேண்டும், இறங்க முடிந்தால் இத்தனை யோசனையும் எதற்கு. எறும்பு என் விரல்மேல் ஏறிவிட்டது. கடிக்கவில்லை, கடிப்பதா வேண்டாமா என்று அதுவும் யோசிக்கிறது. எலுமிச்சம்பழம் பெரிசா சின்னதா. தோல் தடித்ததா. காலையில் பார்த்தேனே, மஞ்சளாக, கொஞ்சம் பச்சை கலந்து. பச்சை கலந்தது கெட்டியாக இருக்கும். கெட்டியாக இருப்பது நல்லதா கெட்டதா. எனக்கு நல்லது, அவளுக்குக் கெட்டது, அம்மிணிக்கு இரண்டும் கெட்டது.

கேட் சத்தம். கோகிலவாணி. அவள் செருப்புச் சத்தம் வாசல்படி வரை போய் நின்றது, திரும்பி வந்தது. "ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?" சும்மாதான் என்றேன். "சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு?" மாவு டின்னைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் சாலையும் சுந்தர்ராஜண்ணன் வீட்டு மாமரமும்தான், முதுகுக்குப் பின்னால்தான் என் குடும்பம். "அஞ்சு மணிக்குத்தானே சொன்னீங்க. எறங்குங்க." எறங்க முடியல கோகிலா. "அப்ப விழுங்க." அதுவும் முடியல. சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எத்தன நேரமா நிக்கறீங்க?" என்றாள், குரல் வேறு மாதிரி இருந்தது. நாலு மணியிலிருந்து. "கால் நடுங்குதுங்க. கீழ இருந்து தெரியுது." தெரியும் என்றேன். "பயமா இருக்குதுங்களா?" பதினெட்டு வருஷமாக இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆமா கோகிலா, ரொம்பப் பயமா இருக்குது என்றேன். பிளைவுட்டில் பட்டு என் குரல் எனக்கே திரும்பி வந்தது. "அவளுக்கும் அன்னிக்கு இப்படித்தான இருந்திருக்கும்" என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாகப் பட்டது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை இல்லை.

அப்போது சைக்கிள் மணி. ஸ்டாண்ட் போடுகிற சத்தம், பை விழுகிற சத்தம், செருப்பு ஓடிவருகிற சத்தம். "ஏனுங்ப்பா, மேல போயிட்டீங்களா?" அதில் இருந்த சந்தோஷம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. போயிட்டேன் அம்மிணி என்றேன், அப்பன் ஏதோ மலை ஏறின மாதிரி. "உச்சியத் தொட்டீங்களா? சூப்பருங்ப்பா. முழங்கைய எடுத்துப்போட்டு வெரலால விளிம்பப் புடிங்க." பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று தெரியவில்லை, அவள் சொன்னாள், கை கேட்டது. ஆறு மாசத்தில் அவள் என்னோடு சேர்த்தாற்போல இத்தனை வார்த்தை பேசியதில்லை. "பின்னால கையை ஊனக் கூடாது. நான் அப்படித்தான் ஊனுனேன். கைய மடக்கி நெஞ்சோட வெச்சுக்கோணும். மொதல்ல பாதம், அப்பறம் குத்த வெக்கறாப்பல, அப்படியே முதுகால உருளோணும். சரிங்களா?" சரி அம்மிணி. "ஹெல்மெட்டக் கழட்ட வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் கோகிலவாணி. கீழே எலுமிச்சம்பழம் இருக்குது என்று சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் சம்யுக்தா பேட்டின் ஓரத்துக்கே வந்து நின்றுவிட்டாள், குரல் சரியாக என் பாதத்துக்குக் கீழே கேட்டது. "விழுங்ப்பா. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கறேன்."

என்னுடைய வார்த்தை. கண்ணு இருந்த இடத்தில் அப்பா, மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை. குத்திக்காட்டத்தான் சொன்னாளோ என்று ஒரு கணம் தேடிப் பார்த்தேன், இல்லை, அவளுக்கு அது ஞாபகமே இல்லை, பயந்தவர்களிடம் சொல்வதற்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான், அதை அவளுக்குக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அவள் நம்பினாள். இன்றைக்கு நான் நம்பாமல் இருந்தால் அப்புறம் நான் என்ன அப்பன். கையை விட்டேன்.

விழுவது யோசிப்பதைவிட ரொம்பச் சின்னது. பச்சை, மஞ்சள், ஒரு சிவப்பு, வானம். பாதம் முதலில், அப்புறம் குத்த வைத்து, அப்புறம் முதுகு, ஹெல்மெட் ரெக்ஸினில் டொம் என்று இடித்தது, அதைத்தான் சுந்தர்ராஜண்ணன் கேட்டிருக்க வேண்டும், "தண்ணி வந்துருச்சுங்களா?" என்று எதிர் வீட்டிலிருந்து குரல் வந்தது. வந்துருச்சுங்க என்றேன் படுத்தபடியே. பேட் என்னை உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்ப மேலே கொடுத்தது. கை, கால், மணிக்கட்டு, இடுப்பு, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் இருக்கிறேன் என்றது. சம்யுக்தா கைதட்டினாள். எழுந்தேன். கெண்டைக்கால் இன்னும் தைத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் நடந்தேன், எட்டடி நடந்து கோகிலவாணி முன்னால் போய் நின்று, "கோகிலா, ஒரு காபி" என்றேன்.

அவள் காபி போடப் போகவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு பேட்டுக்குப் போனாள், மண்டியிட்டு உட்கார்ந்தாள், தோள்வரை கையை உள்ளே விட்டாள். கோகிலா, அது வந்து, என்று ஆரம்பித்தேன், பேட் சரியா இருந்துச்சுன்னா பழம் நசுங்காது, அது வேற கணக்கு, என்று சொல்வதற்குள் கை வெளியே வந்துவிட்டது. முழுப் பழம். ஒரு கீறல் இல்லை, தோலில் ஒரு பள்ளம் இல்லை, காலையில் வைத்த குங்குமம்கூட அப்படியே. அவள் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். பேட்டைப் பார்த்தாள், பலகையை உச்சிவரை பார்த்தாள், மகளின் இடது மணிக்கட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். சம்யுக்தா கைதட்டுவதை நிறுத்திவிட்டாள், அவளுக்கும் அம்மாவைத் தெரியும்.

கோகிலவாணி எழுந்தாள். எலுமிச்சம்பழத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் குதிகாலை அதன்மேல் வைத்து ஒரே மிதி மிதித்தாள். சாறு பேட் வரைக்கும் தெறித்தது.

"நசுங்கிருச்சு" என்றாள். "ஏறு அம்மிணி."

சோதனை முடிவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. கால் வைப்பதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பேட்டின் ஓரத்தில் போய் நின்றேன். சம்யுக்தா முதல் பிடியில் கை வைத்தாள், கொஞ்சம் நின்றாள், இடது கையையும் வைத்தாள். இரண்டாவது பிடி தாண்டியதும் முனக ஆரம்பித்தாள்.